உரோமாபுரி வீழ்ந்தபோது எழுந்த வினா

கிறிஸ்தவத் திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்திலே, இயேசுவின் பெயரோடும் மரியாளின் பெயரோடும் போஞ்சு பிலாத்து என்னும் பெயரும் ஓதப்படுகின்றது. கி. பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட உரோம அதிகாரி அவன். இறைவன் மனிதனாகிப் பாடுபட்டது இன்ன நாட்டில், இன்ன ஆட்சியில் என்று காலத்தைச் சுட்டவே அப்பெயர் அங்கே நிற்கின்றது. வரலாற்றினுள் இறைவன் வந்தார் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படை.

அங்ஙனமாயின், உலகில் நிகழும் வெற்றி தோல்விகள் யாவும் அவருடைய தீர்ப்புகள்தாமோ? வென்றவர் பக்கமே அவர் நிற்கின்றாரோ?

நான்காம் நூற்றாண்டிலே பலர் அவ்வாறே எண்ணினர். 313ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தீன் பேரரசனும் அவனுடன் ஆண்ட லிசீனியுஸும் கிறிஸ்தவருக்கு வழிபாட்டுரிமை அளித்தனர். துன்புறுத்திய அரசு துணையாக மாறியது கண்டு, செசரேயாவின் மேற்றிராணியார் எவுசேபியுஸ், கொன்ஸ்தந்தீனை இறைவனின் கருவியெனப் புகழ்ந்தார். 380இல் தெயோதோசியுஸ் கிறிஸ்தவத்தைப் பேரரசின் சமயமாக்கினான்.

30 ஆண்டுகள் கழிந்தன. 410ஆம் ஆண்டு ஆகஸ்து மாதத்தில், அலாரிக்கின் தலைமையிற் கோதியர் உரோமாபுரியுட் புகுந்து 3 நாட்கள் சூறையாடினர். ஏறக்குறைய 800 ஆண்டுகளாக அந்நியப் படை கைப்பற்றாத நகரம் அது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதன் விளைவே இதுவென்று பழஞ்சமயத்தார் பழித்தனர். கிறிஸ்தவரும் கலங்கினர். பேதுரு, பவுல் ஆகிய அப்போஸ்தலரின் கல்லறைகள் இருந்தும் நகரம் காக்கப்படவில்லையே! சூறையாடிய கோதியரும் ஆரியுஸின் கொள்கைவழி வந்த கிறிஸ்தவரே.

அகதிகள் கடல் கடந்து வட ஆபிரிக்காவை அடைந்தனர். அங்கே, இன்று அல்ஜீரியாவின் அன்னாபா எனப்படும் ஹிப்போ நகரில் மேற்றிராணியாராயிருந்த அகுஸ்தீனார் விடை எழுத முற்பட்டார். 413 அளவில் தொடங்கி 426 அளவில் முடிந்த 'இறைவனின் நகர்' என்னும் அந்நூல் 22 பாகங்களைக் கொண்டது.

வாழ்வும் வீழ்ச்சியும் நல்லார்க்கும் தீயார்க்கும் ஒருங்கே வருவன; அவற்றைக் கொண்டு இறைவனின் விருப்பு வெறுப்பை அளத்தல் இயலாது என்றார் அவர். பழந்தெய்வங்களை வழிபட்ட காலத்தும் உரோமாபுரி பேரழிவுகளைக் கண்டதுண்டு. மனித வரலாற்றில் இரு நகரங்கள் உள்ளன; இறைவனை நேசிப்போரால் ஒன்றும், தம்மையே நேசிப்போரால் மற்றொன்றும் அமைகின்றன. இறுதித் தீர்ப்புவரை அவை பயிரும் களையும் போலக் கலந்தே வளரும். எந்தப் பேரரசும், கிறிஸ்தவப் பெயர் பூண்டதாயினும், இறைவனின் நகராகாது.

அப்படியானால் இறைவன் வரலாற்றைக் கைவிட்டாரோ? இல்லை. யூதர் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றபோது, அந்நகரின் நலனை நாடுமாறு எரேமியா தீர்க்கதரிசி அவர்களுக்கு எழுதினார். பிலாத்தின் தீர்ப்பினாற் சிலுவையில் மாண்டவரும் உலகின் கண்ணுக்குத் தோற்றவரே. தோல்வியினுள்ளும் இறைவன் உடனிருக்கின்றார். அவருடைய நோக்கம் முழுமையும் மனிதருக்கு இப்போது புலப்படுவதில்லை.

இவ்வினா பிற்காலத்தும் எழுந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தமை இறைவனருளிய வேளையென ஜெர்மனியிற் கிறிஸ்தவர் சிலர் பறைசாற்றினர். 1934 மே மாதம் பார்மன் நகரிற் கூடிய வேறு சபையார், கார்ல் பார்த் பெரிதும் வரைந்த அறிக்கையின் மூலம், கிறிஸ்துவையன்றி வேறு நிகழ்ச்சிகளையோ அதிகாரங்களையோ இறைவனின் வெளிப்பாடாக ஏற்க மறுத்தனர்.

அகுஸ்தீனார் 430இல், வண்டாலியர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளையில் இறந்தார். வென்றவன் இறைவனைத் தனக்குச் சாட்சியாக அழைக்கும்போதெல்லாம், வீழ்ந்தவன் தான் கைவிடப்பட்டவனல்லன் என்று சொல்ல அவருடைய நூல் இடந்தருகின்றது.