சோலார் வீட்டில் கூடுதல் பேட்டரி: எல்லைக் கிராமங்களின் கணக்கு

பாறசாலை, செங்கல், காரோடு, தனுவச்சபுரம், பொழியூர் என கேரளத்தின் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமங்களில் சோலார் வைத்த வீடுகள் இரண்டு வகை. ஒன்று, கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரிய) லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட். மற்றது, பேட்டரியை நம்பி ஓடும் ஆஃப்-கிரிட். பேட்டரி கூட்ட வேண்டும் என்ற எண்ணம் இரண்டு வீட்டிலும் வருகிறது. அதற்கான காரணமும் வேறு, செலவும் வேறு.

ஆன்-கிரிட் வீட்டில் லைன் கரண்ட் போனால், மாடியில் வெயில் கொளுத்தினாலும் மின்விசிறி நின்றுவிடும். இது கோளாறு அல்ல. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது வீட்டுச் சோலாரின் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அதை நம்பிப் பேனல் போட்ட பலருக்கும் இந்த விவரம் முதல் மின்தடையில்தான் தெரியவருகிறது. சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டரில் பேட்டரி மாட்ட இடமே கிடையாது. ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாற வேண்டும். இல்லையென்றால் லைனிலிருந்து சார்ஜ் ஆகும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேர மின்தடைதான் கவலை என்றால் இரண்டாவது வழியே போதும், செலவும் குறைவு. ஹைபிரிட்டுக்கு மாறுவோர், நெட் மீட்டர் இருப்பதால், கே.எஸ்.இ.பி. செக்‌ஷன் ஆபீசில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

ஆஃப்-கிரிட் வீட்டின் சிக்கல் மழை. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரண்டுமே நன்றாகப் பெய்யும் மண் இது. நல்ல வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். வானம் மூடிக்கிடக்கும் நாளில் அது ஒரு யூனிட்டுக்கும் கீழே இறங்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனையை ஒட்டிக் கடந்தபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் கரண்ட் திரும்பி வர நாட்கள் ஆயின. இந்தப் பக்கம் கிணற்று மோட்டாரை நம்பியே தண்ணீர் எடுக்கும் வீடுகள் ஏராளம். கரண்ட் போனால் தண்ணீரும் நின்றுவிடும் என்பதால் பேக்கப் பற்றிய கவலை நியாயமானது.

கவலை நியாயம் என்பதால் கடைக்குப் போய் உடனே இன்னொரு பேட்டரி வாங்குவது சரியாகிவிடாது. முதலில் கணக்கு. 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் வகை ஈய அமிலப் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் அடங்கும். பேட்டரி நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்றால் அதில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. கைக்கு வருவது 0.9 யூனிட். 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள் மூன்று இரவு பத்து மணி நேரம் ஓடினால் 2.25 யூனிட் போய்விடும். அதே மூன்றையும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிகளாக மாற்றினால் 0.9 யூனிட் போதும். மிச்சமாகும் 1.35 யூனிட், புதிதாக வாங்கவிருந்த ஒரு பேட்டரி தருவதை விட அதிகம். விசிறியை மாற்றுவது பேட்டரி வாங்குவதை விட நல்ல முதலீடு என்பதை விற்பவர் சொல்வது அபூர்வம். மோட்டாரின் கணக்கு தனி: ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் கிளம்பும் நொடியில் அது பல மடங்கு இழுக்கும். அதைத் தாங்க வேண்டியது முதலில் இன்வெர்ட்டர். பேட்டரியை எத்தனை கூட்டினாலும் சிறிய இன்வெர்ட்டர் மோட்டாரைக் கிளப்பாது.

அடுத்தது பேனல். குடத்தைப் பெரிதாக்கினால் கிணறு கூடுதலாக ஊறாது. பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, தேக்கி வைப்பது மட்டும்தான். ஈய அமிலப் பேட்டரிக்கு அதன் ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்காவது ஆம்பியர் சார்ஜ் வேண்டும். 150 ஏ.எச். பேட்டரிக்கு 15 ஆம்பியர், அதை இரட்டிப்பாக்கினால் 30 ஆம்பியர். பழைய பேனலை அப்படியே விட்டு பேட்டரியை மட்டும் கூட்டினால், எந்த நாளும் முழு சார்ஜ் ஏறாமல் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும். இரண்டே வருடத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ரப்பரும் தென்னையும் பலாவும் சூழ்ந்த இந்த வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு தென்னை மட்டையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி பெரிதாகக் குறையும். கொம்பு ஒன்றை வெட்டினாலே கூடுதல் பேனல் தேவைப்படாமல் போகலாம்.

இத்தனைக்குப் பிறகும் பேட்டரி தேவைதான் என்றால், பழையதோடு புதியதைச் சேர்ப்பது பற்றிக் கவனம் வேண்டும். 24 வோல்ட் அமைப்பில் ஒன்றை மட்டும் கூட்ட முடியாது; இரண்டு இரண்டாகத்தான் சேர்க்க வேண்டும். 48 வோல்ட்டில் நான்கு. ஒரே கம்பெனி, ஒரே ஏ.எச்., ஏறக்குறைய ஒரே வயது இருந்தால் மட்டுமே சேர்க்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் உழைத்த பேட்டரியோடு புதியதை இணைத்தால், சீரிஸில் பலவீனமானது முதலில் வடியும், சார்ஜில் முதலில் கொதிக்கும். நல்லதும் அதன் நிலைக்கு இறங்கும். முழு செட்டையும் மாற்றுவது முதலில் அதிகச் செலவாகத் தெரியும், நடைமுறையில் அதுதான் மலிவு.

முழு செட் மாற்றுவதாக இருந்தால் லித்தியமா, டியூபுலரா என்ற கேள்வி வரும். வீட்டுக்கு ஏற்ற லித்தியம் வகை லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட். இந்த வகை கேத்தோடுக்கு வழிவகுத்த ஆய்வை 1980களில் விஞ்ஞானி ஜான் குடினஃபோடு சேர்ந்து செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து மதுரையில் படித்த தமிழர். 2019இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் இவரே. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 முதல் 90 விழுக்காடு வரை எடுக்கலாம். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 ஜனவரி முதல் ஓடும் ஆதித்யா சோலார் படகு லித்தியம் பேட்டரியில்தான் ஓடுகிறது.  எடையும் குறைவு: 12 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி சுமார் 12 கிலோ. கிட்டத்தட்ட அதே பயன் தரும் 150 ஏ.எச். டியூபுலர் ஐம்பது கிலோவைத் தாண்டும். 

லித்தியத்துக்கு மாறும்போது இன்வெர்ட்டரிலும் சார்ஜ் கன்ட்ரோலரிலும் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டியூபுலருக்கான ஈக்வலைசிங் முறையில் வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறும். லித்தியம் அதைத் தாங்காது. உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை) பலகை அதைத் தடுக்கும் என்று விட்டுவிடுவது ஆபத்து. டியூபுலரையும் லித்தியத்தையும் ஒரே இணைப்பில் சேர்க்கவே கூடாது.

வயரில் சிக்கனம் பார்க்கிறவர்கள் நிறைய உண்டு. 12 வோல்ட்டில் 1000 வாட் ஓட்ட ஏறத்தாழ 90 ஆம்பியர் பாயும். 24 வோல்ட்டில் அது பாதி, அதே வயரில் ஏற்படும் சூடு கால் பங்கு. சுமை 1000 வாட்டைத் தாண்டும் வீட்டில் 24 அல்லது 48 வோல்ட்டே நல்லது. பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே டி.சி. ஃப்யூஸ் இருக்க வேண்டும். வீட்டு ஏ.சி. லைனுக்கான சாதாரண எம்.சி.பி.யை அங்கே மாட்டக் கூடாது. பேரலலில் இணைத்தால் பாசிட்டிவ்வை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவ்வைக் கடைசி பேட்டரியிலிருந்தும் எடுப்பது எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே சுமை தரும்.

டியூபுலர் பேட்டரியை வைக்க காற்றோட்டம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். படுக்கையறையில் வைக்கக் கூடாது. தகரக் கூரையின் கீழும் வேண்டாம்: வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. பூவார், பொழியூர் பக்கம் கடல் காற்றில் டெர்மினல் விரைவில் பூஞ்சை பிடித்தது போல் பச்சையாகும். மாதமொரு முறை துடைத்து வாஸலின் தடவ வேண்டும். ஐப்பசி இடிமின்னல் இந்தப் பகுதியில் கடுமை. சரியான எர்த்தும் சர்ஜ் தடுப்பானும் இல்லாமல் பேட்டரி கூட்டுவது புதுச் செலவை மின்னலுக்குக் கொடுப்பதாகும்.

பழைய பேட்டரியை ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் எடைக்குப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே அமிலத்தை மண்ணில் கொட்டி உடைத்தால், ஈயம் பக்கத்துக் கிணற்றில் கலக்கும். 2022இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பவரே அதைத் திரும்பப் பெற வேண்டும் என்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்து, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.