டாப் கியரில் ஏன் சத்தம் அடங்குகிறது?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வண்டி கொஞ்சம் பழசாக இருந்தால் இன்னும் நல்லது. படப்பை நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது காலுக்கடியிலிருந்து ஓர் ஊளை எழும். செகண்டில் ஒரு சுருதி, தேர்டில் வேறு சுருதி. சாலை காலியானதும் ஓட்டுநர் கியர் கம்பியை டாப்பில் தள்ளுவார். ஊளை சட்டென்று அடங்கி, எஞ்சினின் முழக்கம் மட்டும் மிஞ்சும்.

அந்த அமைதியைக் கண்டுபிடித்தவருக்கு அப்போது வயது 21. பெயர் லூயி ரெனால்ட். பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோல் சொன்னால் ரெனோ. பாரிஸை ஒட்டிய பூலோன்-பில்லங்கூரில், வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைதான் பட்டறை. இன்று அவர் பெயர் தாங்கிய கார்கள் தயாராகும் ஆலை இதே வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்தில் இருக்கிறது. நிஸானுடன் கூட்டாக 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது.

1898-இல் கார் என்றால் சங்கிலியும் தோல்பட்டையும்தான். எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக சைக்கிளைப் போலச் சங்கிலி மாட்டியிருப்பார்கள். அது புழுதி தின்னும், தளரும், அறுந்தும் போகும். லூயி தன்னிடமிருந்த தெ தியோன்-பூத்தோன் மூன்று சக்கர வண்டியைப் பிரித்து, ஒன்றே முக்கால் குதிரைசக்தி எஞ்சினை ஒரு சின்ன நான்கு சக்கர வண்டியின் முன்பக்கம் வைத்தார். சங்கிலிக்குப் பதில், நடுவே நீளமாக ஓர் இரும்புத் தண்டு. நம் லாரி பட்டறைகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்கிறார்களே, அதன் மூதாதை.

உண்மையான சாமர்த்தியம் கியர் பாக்ஸுக்குள் இருந்தது. எஞ்சினிலிருந்து ஒரு தண்டு உள்ளே வருகிறது. சக்கரத்தை நோக்கி ஒரு தண்டு வெளியே போகிறது. இரண்டும் ஒரே நேர்க்கோட்டில், முனைக்கு முனை பார்த்தபடி இருக்கும். பக்கத்தில் இணையாக மூன்றாவது தண்டு ஒன்று. கீழ் கியர்களில் விசை சுற்றுவழியில் போகும்: முதல் தண்டிலிருந்து ஒரு ஜோடி பற்சக்கரம் வழியாகப் பக்கத்துத் தண்டுக்கு இறங்கி, இன்னொரு ஜோடி வழியாக வெளித்தண்டுக்கு ஏறும். பல்லோடு பல் உரசும் ஒவ்வோர் இடத்திலும் சுமார் 1 முதல் 2 சதவீத விசை சூடாக வீணாகும். நாம் கேட்கும் ஊளையும் அந்தப் பற்கள் சுமை தாங்கி உரசுவதுதான்.

டாப்பில் என்ன ஆகிறது? எதிரெதிரே நின்ற இரு தண்டுகளும் விரல் கோத்துக்கொள்வதுபோல் பூட்டிக்கொள்கின்றன. எஞ்சின் சுற்றும் அதே வேகத்தில் வெளித்தண்டும் சுற்றும். நடுவில் பற்சக்கரம் ஏதுமில்லை. பக்கத்துத் தண்டு சும்மா சுழன்றுகொண்டிருக்கும். சுமையில்லாத பல் ஊளையிடாது. இதற்குப் பெயர் நேரடி இயக்கம், டைரக்ட் டிரைவ்.

1898 டிசம்பர் 24 இரவு, மோன்மார்த்ர் குன்றின் செங்குத்தான லெப்பிக் தெருவில் அந்தக் குட்டி வண்டியை ஏற்றிக் காட்டினார் லூயி. அன்றிரவே 12 பேர் வண்டி கேட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் காப்புரிமை வாங்கினார். அண்ணன்மார் மார்செலும் ஃபெர்னானும் சேர, கம்பெனி பிறந்தது.

அந்தக் கம்பெனி பிறகு செய்த பலவற்றிலும் இதே குணத்தைப் பார்க்கலாம். எது வீணாகிறது என்று தேடுவது, தேவையில்லாததைக் கழற்றிவிடுவது.

புகைபோக்கி வழியே சூடும் அழுத்தமுமாக வெளியேறும் புகை வீண்தானே? அதைக்கொண்டு ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம். இதுதான் டர்போ. யோசனை ரெனால்டுடையது அல்ல. 1905-இலேயே சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் ஃபார்முலா 1 பந்தயத்துக்கு டர்போவை முதலில் கொண்டுவந்தது ரெனால்ட். 1977 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் மற்றவர்கள் 3 லிட்டர் எஞ்சினோடு நிற்க, இவர்கள் 1.5 லிட்டரோடு போனார்கள். டர்போ பழுதாகி வண்டி பாதியில் நின்றது. புகை கக்கியபடி அடிக்கடி நின்ற அந்த மஞ்சள் காருக்கு ‘மஞ்சள் டீபாட்’ என்று பட்டப்பெயரே வந்தது. 1979 ஜூலை 1 அன்று திஜோனில் அதே கம்பெனியின் டர்போ கார் ஜெயித்தபோது சிரிப்பு நின்றது. சில ஆண்டுகளில் எல்லா அணிகளும் டர்போவுக்கு மாறின. இன்று ஒரகடத்தில் தயாராகும் கைகர் காரில் அந்தக் கணக்கை நேராகப் பார்க்கலாம்: ஒரே 1 லிட்டர் அளவு எஞ்சின், டர்போ இல்லாமல் 72 குதிரைசக்தி, டர்போவோடு 100.

கழற்றிவிடும் கலைக்கு உதாரணம் ரெனால்ட் 4. 1961-இல் வந்து 80 லட்சத்துக்கு மேல் விற்ற இந்தக் காரில் சக்கரத்துக்கு மூன்றே போல்ட். 2015-இல் ஒரகடத்திலிருந்து வந்த குவிட் காரிலும் அப்படித்தான்: மற்ற கார்களில் நான்கு இருக்கும் இடத்தில் மூன்று, கண்ணாடிக்கு ஒரே வைப்பர். சென்னையில் தங்கி அதை உருவாக்கியவர் ஜெரார் தெத்தூர்பே என்ற பொறியாளர். பெரும்பாலான பாகங்களை இந்தியாவிலேயே வாங்கி விலையை இறக்கினார்.

கழற்றுவதற்கும் எல்லை உண்டு. 2016 மே மாதம் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் குவிட் பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. மோதும்போது உள்ளே இருப்பவர்களைக் காக்கும் எஃகுச் சட்டம் வீண் சுமை ஆகாது. பிறகு சட்டத்தை வலுப்படுத்தினார்கள். செப்டம்பரில் ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. குவிட்டின் கியர் பாக்ஸில் லூயியின் நேரடி இயக்கம் இல்லை! எஞ்சின் முன்னால், அதுவும் குறுக்காக வைக்கப்பட்டு, முன்சக்கரங்களையே சுழற்றுகிறது. இரண்டே தண்டுகள்தான், எந்த கியரிலும் விசை ஒரு ஜோடிப் பற்சக்கரத்தைத் தாண்டியே தீரவேண்டும். ஆனால் பின்சக்கரத்துக்கு நீளத் தண்டு வேண்டாம். அதன் கடைசியில் விசையைச் செங்கோணமாகத் திருப்பும் கிரவுன்-பினியன் வேண்டாம். அங்கே போகும் இழப்பும் மிச்சம். காருக்குள் இடமும் கூடுகிறது. லூயியின் தண்டையே கழற்றிவிட்டது லூயியின் கம்பெனி.

அந்தத் தண்டு எங்கே போனது? ஒரகடம் ஆலையின் வாசலைத் தாண்டி ஜல்லி ஏற்றிக்கொண்டு போகும் டிப்பரின் வயிற்றுக்கடியில் குனிந்து பாருங்கள். பழைய பேருந்தில் என்றால் குனியவும் வேண்டாம். டாப் விழும் நேரத்தில் காதைக் கொடுத்தால் போதும்.