கரும்பு வீடும் உலகச் சந்தையும்

உலகப் பொருளாதாரம் என்றால் நியூயார்க்கும் இலண்டனும் நம் நினைவுக்கு வரும். நெல்லிக்குப்பத்துக் கரும்பு வயல் வருவதில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை கண்ட ஊர் இது.

சம்பளம் ஆளுக்கு வருகிறது. உலை குடும்பத்திற்கு வேகிறது. பல வருவாய்கள் ஒன்றுசேரும் இடமே குடும்பம் என்று இம்மானுவேல் வாலர்ஸ்டைன் முதலிய அறிஞர்கள் 1980களில் விளக்கினர். எங்கள் வீட்டையே சான்றாகக் காண்போம்.

அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு. நட்டபின் பத்துப் பன்னிரண்டு மாதம் அதிலிருந்து ஒரு காசும் வராது. அதுவரை அண்ணனின் நெய்வேலி ஒப்பந்தக் கூலியும், அம்மா கறந்து ஊற்றும் பாலும், 2011 முதல் விலையின்றிக் கிடைக்கும் ரேஷன் அரிசியும் வீட்டைத் தாங்குகின்றன. பாட்டி மாட்டுக்குக் கொழுந்தாடை சேர்க்கிறார்.

இனி வெளியே பார்ப்போம். சர்க்கரை ஏற்றுமதியில் முதலிடம் பிரேசிலுக்கு. கச்சா எண்ணெய் விலை ஏறினால் அந்நாட்டு ஆலைகள் கரும்பை எத்தனாலுக்குத் திருப்பும். உலகச் சந்தையில் சர்க்கரை குறைந்து விலை உயரும். அந்த உயர்வு எங்கள் வயலை எட்டுமா? உள்நாட்டு விலை ஏறாதிருக்க 2022 ஜூனில் நம் அரசு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. கரும்புக்கு மத்திய அரசு நிர்ணயிக்கும் விலையோ, 2025-26 பருவத்தில், 10.25 விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானத்திற்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய்.

அந்த விலையில் ஒரு குடும்பம் கரும்பு பயிரிட முடிவது எப்படி? அம்மா பிறர் வயலில் களையெடுத்தால் கூலி உண்டு. சொந்த வயலில் எடுத்தால் இல்லை. பாட்டியின் உழைப்புக்கும் விலையில்லை. கணக்கில் ஏறாத இந்த உழைப்பே கரும்பையும் மலிவாக்குகிறது. அண்ணனின் குறைந்த கூலியையும் போதுமானதாக்குகிறது. நகரத்துத் தேநீரின் இனிப்பில் இவர்கள் பங்கும் கரைந்திருக்கிறது.

வரும் தையில் அண்ணனுக்குத் திருமணம். அவர் தனிக்குடித்தனம் போவது தவறன்று. ஆனால் அக்கூலி பிரிந்தால், ஓராண்டு காத்திருக்கும் பயிரை அப்பா வைக்க இயலுமா? பட்டப்படிப்புக்கு வந்துள்ள முதல் ஆளான என் மூன்றாம் ஆண்டு என்னவாகும்? வீட்டில் இப்போது இதுதான் பேச்சு.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் உங்கள் வீட்டு வரவுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கூலியில்லா உழைப்புக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். பெரும்பாலும் அதுவே நீளமான பத்தியாக இருக்கும்.