எடைக்குப் போன கிரீடங்கள்

1926-ம் ஆண்டின் கடைசியில் ஒரு வியாபாரம் படிந்தது. வாங்கியவர் நார்மன் வைஸ் என்ற நகை வியாபாரி. விற்றது சோவியத் அரசாங்கம். சரக்கு, முந்நூறு ஆண்டு ரஷ்யாவை ஆண்ட ரோமானவ் வம்சத்து நகைகள். எடை 9 கிலோ 644 கிராம், விலை 50,000 பவுண்டு. வகுத்துப் பார்த்தால் கிராமுக்கு ஐந்து பவுண்டு சொச்சம். யார் செய்தது, யார் அணிந்தது, எந்த முடிசூட்டு விழாவில் மின்னியது என்பதற்கெல்லாம் அந்தக் கணக்கில் இடமில்லை.

அந்த ஒன்பதரைக் கிலோவுக்குள் ஒரு கல்யாணக் கிரீடமும் கிடந்தது. 1894-ல் கடைசி ஜார் இரண்டாம் நிக்கலஸைக் கைப்பிடித்தபோது அலெக்ஸாண்ட்ரா சூடியது அது. 1927 மார்ச் 16 அன்று லண்டன் கிறிஸ்டீஸில் 124 லாட்டுகளாக அந்தச் சரக்கு ஏலத்துக்கு வந்தபோது கிரீடம் மட்டும் 6,100 பவுண்டுக்குப் போனது. பல கை மாறி 1966-ல் அமெரிக்கப் பெரும் பணக்காரி மார்ஜொரி மெரிவெதர் போஸ்ட்டிடம் வந்து சேர்ந்தது. இப்போது வாஷிங்டனில் ஹில்வுட் என்ற அவருடைய பழைய மாளிகையில், அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சோவியத்துகளை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. அந்தக் கிரீடத்தின் வைரங்களே பதினெட்டாம் நூற்றாண்டு அரண்மனை உடைகளிலிருந்து பிரித்தெடுத்தவைதான். பாட்டி நகையை அழித்துப் பேத்திக்குப் புதுசு செய்வது அரச குடும்பத்திலும் உண்டு. ஆனால் அவர்கள் அழித்தது இன்னொன்று செய்வதற்காக. 1920 பிப்ரவரியில் லெனின் அரசு தொடங்கிய ‘கோக்ரான்’ என்ற கருவூலம் அழித்தது விற்பதற்காக. தேவாலயங்களிலிருந்தும் மாளிகைகளிலிருந்தும் வங்கிப் பெட்டகங்களிலிருந்தும் வந்து குவிந்ததை அங்கே உட்கார்ந்து பிரித்தார்கள். கல் தனி, பொன் தனி, முத்து தனி. கல்லை அளவுவாரியாகப் பொறுக்கிவைத்தார்கள். தங்கத்தையும் வெள்ளியையும் உருக்கினார்கள். உள்நாட்டுப் போர் நாட்டை உறிஞ்சியிருந்தது. 1921-ல் வோல்கா கரையில் பஞ்சம் வேறு. வெளிநாட்டில் எதையும் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. அதனால் விற்றார்கள் என்பது புரிகிறது. பிரித்து விற்றதைத்தான் மன்னிக்கத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் நகைகள் எந்தெந்த வழியில் எல்லை தாண்டின என்று படித்தால் சிரிப்பும் வரும். 1920-ல் லண்டனில் ‘டெய்லி ஹெரால்ட்’ என்ற தொழிலாளர் பத்திரிகைக்கு உதவ, அதன் இயக்குநர்களில் ஒருவரான பிரான்சிஸ் மெய்னெல், ரஷ்யர்கள் கொடுத்த கற்களையும் முத்துகளையும் கடத்திக்கொண்டு வந்தார். சில வெண்ணெய் ஜாடிக்குள், சில சாக்லேட்டுக்குள். பிற்காலத்தில் தன் வரலாறு எழுதியபோது அவரே இதை ஒப்புக்கொண்டார்.

அயர்லாந்துக் கதை இதைவிட விசேஷம். அதே 1920-ல் நியூயார்க்கில் இருந்த சோவியத் தூதுக்குழுவுக்குக் கைச்செலவுக்கே பணமில்லை. விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த அயர்லாந்தின் பிரதிநிதி ஹாரி போலண்ட் 20,000 டாலர் கடன் கொடுத்தார். ஈடாகச் சில அரச நகைகளை வாங்கிக்கொண்டார். ஒரு புரட்சி இன்னொரு புரட்சியிடம் அடகு வைத்தது என்று சொல்லலாம். போலண்ட் 1922-ல் ஐரிஷ் உள்நாட்டுப் போரில் சுடப்பட்டு இறந்தார். நகைகள் டப்ளினில் அவருடைய குடும்பத்தார் வசம் இருந்தன. மரினோ கிரசென்ட்டில் அவர்கள் குடியிருந்த வீடு, டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் பிறந்த வீடு. அவர்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. 1938-ல்தான் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். 1949-ல் ரஷ்யர்கள் அதே 20,000 டாலரைக் கட்டி நகைகளை மீட்டுக்கொண்டார்கள்.

ஜாரின் குடும்பத்துக்கு நகை அப்படிக் கைகொடுக்கவில்லை. 1918 வசந்தத்தில் ஜாரையும் அரசியையும் ஒரு மகளையும் முதலில் யெகாத்தரின்பர்கிற்குக் கொண்டுபோனார்கள். மற்றப் பிள்ளைகள் டொபோல்ஸ்க்கில் இருந்தார்கள். ‘மருந்துகளை’ப் பத்திரப்படுத்தும்படி அவர்களுக்குக் கடிதம் வந்தது. மருந்து என்றால் நகை. முன்பே பேசிவைத்த சங்கேதம். பெண்களும் பணிப்பெண்களும் உட்கார்ந்து உள்சட்டை மடிப்புகளுக்குள் வைரங்களை வைத்துத் தைத்தார்கள். பொத்தான்களுக்குள்கூட ஒளித்தார்கள். ஜூலை 17 அதிகாலை, யெகாத்தரின்பர்கில் குடும்பம் முழுவதையும் அடைத்துவைத்திருந்த இபாத்தியெவ் மாளிகையின் கீழறையில் துப்பாக்கிகள் வெடித்தபோது, அந்தத் தையலில் பட்டுக் குண்டுகள் தெறித்தன. கவசம் காப்பாற்றவில்லை, சாவை நீட்டியது. கொலைக்குத் தலைமை தாங்கிய யுரோவ்ஸ்கி பின்னர் எழுதிவைத்த குறிப்பின்படி, உடல்களிலிருந்து எடுத்த வைரம் மட்டும் அரைப் ‘பூத்’, அதாவது சுமார் எட்டுக் கிலோ.

டொபோல்ஸ்க்கில் விட்டுவந்த மிச்சத்தை ரகசியப் போலீஸ் மறக்கவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, 1933 நவம்பரில், விசாரணை என்ற பெயரில் பலரை வதைத்து, ஒரு வீட்டு நிலவறையில் புதைத்திருந்த 154 உருப்படிகளைத் தோண்டியெடுத்தார்கள்.

தப்பித்தவர்களில் என்னை மிகவும் கவர்ந்தவர் மரியா பாவ்லோவ்னா. ஜாரின் சித்தி, பீட்டர்ஸ்பர்க் சமூகத்தில் மருமகன் மனைவியான அரசியைவிடச் செல்வாக்கோடு தர்பார் நடத்தியவர். நகைப் பித்து என்றால் அவர்தான். புரட்சி வெடித்தபோது அவர் காகசஸ் மலைப் பக்கம் போயிருந்தார். நகைகள் நேவா நதிக்கரை மாளிகையின் ரகசியப் பெட்டகத்தில். 1917 கோடையில் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஆல்பர்ட் ஸ்டாப்ஃபோர்ட், கலைப்பொருள் வியாபாரி, கூலித் தொழிலாளி வேஷத்தில் உள்ளே புகுந்தார். நகைகளைச் செய்தித்தாளில் சுற்றித் தோல்பைகளில் போட்டு எடுத்துவந்து லண்டன் வங்கியில் சேர்த்தார். நாவலில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

சீமாட்டி 1920-ல்தான் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்ஸில் இறந்தார். பிள்ளைகள் நால்வரும் கல்வாரியாகப் பாகம் பிரித்தார்கள்: மூத்தவர் கிரில்லுக்கு முத்து, போரிஸுக்கு மரகதம், ஆந்திரேய்க்கு மாணிக்கம், மகள் எலெனாவுக்கு வைரம். மரகதங்கள் கார்ட்டியே கடைக்குப் போய் வேறு வடிவெடுத்து, பார்பரா ஹட்டன் என்ற அமெரிக்கச் சீமாட்டியிடம் சேர்ந்தன. எலெனாவுக்கு வந்த வைர வளைய கிரீடத்தை 1921-ல் இங்கிலாந்து அரசி மேரி வாங்கினார். அடிபட்டுக் கல் உதிர்ந்திருந்ததைச் சரிசெய்து, முத்து தொங்கும் இடத்தில் மாற்றி மாட்ட மரகதத் தொங்கல்களும் செய்துவைத்தார். இரண்டாம் எலிசபெத் படங்களில் அடிக்கடி பார்க்கும் கிரீடம் இதுதான். அகதியின் அவசரத்தில் அரசி ஆதாயம் பார்த்தார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கடைக்காரன் வாங்கியிருந்தால் இன்று அந்தப் பதினைந்து வளையங்கள் பதினைந்து மோதிரங்களாகியிருக்கலாம்.

மரியா பாவ்லோவ்னாவின் பொருள்களில் இன்னொரு பகுதி எல்லோருக்கும் மறந்தே போனது. 1918 நவம்பரில் நண்பர் ஒருவர் சிகரெட் பெட்டிகளையும் சட்டைக்கை பொத்தான்களையும் தலையணை உறைகளில் போட்டு பெத்ரோகிராடில் இருந்த ஸ்வீடன் தூதரகத்தில் கொடுத்துவைத்தார். அவை ஸ்டாக்ஹோம் போய், வெளியுறவு அமைச்சகக் கிடங்கில் தொண்ணூறு ஆண்டு தூங்கின. 2009-ல்தான் வாரிசுகள் கைக்கு வந்தன. அந்த நவம்பரில் சோத்பீஸ் ஏலத்தில் சுமார் 70 லட்சம் பவுண்டு கிடைத்தது. ஃபைல்களைக் குப்பையில் போடாத அரசு அலுவலகத்துக்கும் ஒரு பெருமை உண்டு.

விற்கத் துணியாத சில கற்களை மட்டும் மாஸ்கோ வைத்துக்கொண்டது. 1967 முதல் கிரெம்ளினில் ‘வைர நிதியம்’ என்ற பெயரில் மக்கள் பார்வைக்கு இருக்கின்றன. மகா கேத்தரீனுக்காக 1762-ல் செய்த பெரிய கிரீடம் அங்கே இருக்கிறது. வைரம் மட்டும் ஏறத்தாழ ஐயாயிரம். செங்கோலில் 189.62 காரட் ‘ஓர்லவ்’. திருவரங்கத்துப் பெருமாள் சிலையின் கண்ணாக இருந்ததை ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் பெயர்த்துக்கொண்டு ஓடினான் என்ற கதை இந்த வைரத்தைப் பற்றியதுதான். கதைக்கு ஆதாரம் கிடையாது. கல் இந்தியாவில் எடுத்தது என்பது வரை உறுதி.

எது எங்கே போனது என்று ஓரளவாவது சொல்ல முடிகிறதென்றால், அதற்குக் கனிமவியலாளர் அலெக்சாந்தர் ஃபெர்ஸ்மன் காரணம். 1914-ல் போர் தொடங்கியபோது பீட்டர்ஸ்பர்கிலிருந்து மாஸ்கோவுக்கு அவசரமாக அனுப்பிய பெட்டிகள் எட்டு ஆண்டு திறக்கப்படாமலே கிடந்தன. 1922-ல் திறந்தபோது ஒவ்வொரு நகையையும் சோதித்துப் பதிவு செய்தது ஃபெர்ஸ்மன் குழு. பெரிய பொற்கொல்லர் ஃபாபெர்ஷேயின் மகன் அகத்தோனும் அதில் மதிப்பீட்டாளர். சிறையில் அடைத்திருந்தவரையே வேலைக்கு அழைத்தார்கள். அவர் 1927 டிசம்பரில் உறைந்த கடல் பனிமேல் ஃபின்லாந்துக்குத் தப்பினார். நகைகளின் படங்களோடு 1925-ல் பட்டியல் அச்சாகத் தொடங்கியது. வாங்குபவருக்குக் காட்டத்தான், ஆனால் இப்போது வரலாற்றுக்கு இருக்கும் சாட்சி அதுதான்.

2012-ல் இன்னொரு சாட்சி கிடைத்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் நூலகத்தில் 1922-ம் ஆண்டு ஆல்பம் ஒன்று கண்ணில் பட்டது. ரத்தின நிபுணர் ஜார்ஜ் குன்ஸின் சேகரிப்போடு வந்தது. அதில் இருந்த நான்கு நகைகள் 1925 பட்டியலில் இல்லை. நீலக்கல் புரோச் 1927-ல் லண்டனில் ஏலம் போனதாகத் தெரியவந்தது. நீலக்கல் கிரீடம், நீலக்கல் கங்கணம், மரகத அட்டிகை மூன்றும் யாரிடம் போயின, இன்னும் முழுசாக இருக்கின்றனவா என்பதற்கு இதுவரை பதிலில்லை.