கடகடக்கும் சைலன்சர்: கராஜுக்குப் போகுமுன் நாமே பார்ப்போம்

இடியப்பத்தையும் தைத்த துணிகளையும் கடைக்குக் கொண்டு போகும் ஸ்கூட்டரில் ஒருநாள் திடீரென்று தகரம் அடிப்பது போலச் சத்தம் கேட்கிறது. "சைலன்சர் முடிஞ்சுது அக்கா, புதுசு போடவேணும்" என்கிறார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் சகோதரிகள் பலர் மறுபேச்சின்றிக் கடன்பட்டு மாற்றிவிடுகிறோம். ஆனால் பல வேளைகளில் குற்றம் ஒரு சிறு திருகாணியில்தான் இருக்கும்.

முதலில் வண்டியை நன்றாக ஆறவிடுங்கள். ஓடிவந்த சைலன்சர் கையைச் சுட்டுவிடும். ஆறியபின் நடுத்தாங்கியில் நிறுத்தி மூன்று இடங்களைச் சோதியுங்கள்.

வெளித்தகடு: கால் சுடாமலிருக்க சைலன்சரின் மேல் பொருத்திய தகடு இது. கிறவல் வீதியின் அதிர்வில் இதன் திருகாணிகள் கழன்றுவிடும். விரலால் தட்டினால் கிலுகிலுக்கும். திருகாணியை இறுக்குங்கள், விழுந்திருந்தால் வாஷருடன் புதிதாகப் போடுங்கள். செலவு மிகக் குறைவு.

தாங்கும் போல்ட்டுகள்: சைலன்சரைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். முழுவதும் ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தாங்கி வெடித்திருக்கும். வெடிப்பை ஒட்டுவித்தால் போதும்.

எஞ்சினுடன் சேரும் இடம்: இங்கே கரி படிந்திருந்தால் புகை கசிகிறது. இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். பலத்தை எல்லாம் போட்டு முறுக்கினால் ஆணி முறிந்து செலவு கூடும். அதன்பின்னும் கசிந்தால் இடையிலுள்ள காஸ்கட்டை மாற்றவேண்டும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லையென்றால், உள்ளேயுள்ள தகடு விட்டுப்போயிருக்கலாம். கழற்றிக் குலுக்கினால் உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்கும். அப்போதுதான் வெட்டி ஒட்டுவதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்வி வருகிறது. பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். கிட்டிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அது உள்ளேயே தண்ணீராகத் தங்கி, சைலன்சர் உள்ளிருந்து கறள் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. மூடிய அறையிலோ கொட்டிலிலோ எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கவேண்டாம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்தால் உடனே வெளியே காற்றுக்கு வாருங்கள். பிள்ளைகளையும் அருகில் விடாதீர்கள்.

எல்லாவற்றையும் நாமே திருத்தவேண்டும் என்பதில்லை. "வெளித்தகட்டுத் திருகாணி இரண்டு கழன்றிருக்கிறது, அதைப் போட்டுத் தாருங்கள்" என்று கராஜில் சொல்லத் தெரிந்தாலே போதும். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். இருக்கையின் கீழ் ஒரு ஸ்பானரும் திருப்புளியும் எப்போதும் இருக்கட்டும். வண்டி நம்முடையது, அதைப் பற்றிய அறிவும் நம்மிடம் இருக்கவேண்டும்.