புகைக்குழலும் பாடபேதமும்

பழைய ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கப் புகுவோன் இரண்டு ஆசைகளை அடக்கியாளல் வேண்டும். சிதைந்த இடத்தைத் தன் சொல்லால் நிரப்பிவிடும் ஆசை ஒன்று. நல்ல பாடத்தை இன்னும் நல்லதாக்கிவிடும் ஆசை மற்றொன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றினார்கள். அத்தகைய பெரியோர் பட்ட பாட்டை அறிந்தோர் இவ்விரண்டு ஆசைகளின் தீமையையும் அறிவர். இவ்விலக்கணம் மோட்டார் வண்டிக்கும் பொருந்தும் என்றால் மாணவர்கள் நகைக்கக்கூடும். பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இலங்கையில் வயது முதிர்ந்தோர்க்கு மொரிஸ் மைனரை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர் உருவமைத்த அவ்வண்டி 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும் வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. நம் நாட்டில் அது வைத்தியரையும் ஆசிரியரையும் சுமந்தது. கொழும்பில் வாடகைக் காராகவும் உழைத்தது. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதுவண்டி அரிதாயிற்று. ஆதலின் பழையதைப் பேணும் கைத்திறன் இங்கே வளர்ந்தது. 1990களில் தென்னிலங்கையிற் செய்யப்பட்ட மைனர் உதிரிப்பாகங்கள், அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. சேய் தாய்க்குச் சோறூட்டியது போன்ற செய்தி இது!

என் பழைய மாணவர் ஒருவர், கல்முனைக்கு அண்மையிலுள்ள ஊரினர், காலஞ்சென்ற தம் வாப்பாவின் மைனரை மீட்டெடுக்க முற்பட்டார். 948 சி.சி. இயந்திரங் கொண்ட வண்டி அது. தகரவேலை முடிந்தது, பூச்சு வேலையும் முடிந்தது. எஞ்சியது புகைக்குழல். நம்மவர் வாயில் அது ‘சைலென்சர்’. கையால் அழுத்தியதும் அது பொருபொருவென்று உதிர்ந்தது.

அது வியப்பன்று. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அவ்வாவி வெளியேறிவிடும். சந்தைக்கும் வீட்டுக்குமாக ஓடும் வண்டியிலோ குழல் சூடேறுமுன் பயணம் முடிந்துவிடும். ஆவி உள்ளேயே நீராகித் தங்கும். உள்ளே அந்நீர், வெளியே நம் கடற்காற்றின் உப்பு. இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

மாணவர் அகன்ற குழலொன்றும் வெறுங்கூடு போன்ற சைலென்சர் ஒன்றும் வாங்கிப் பூட்டியிருந்தார். யான் வினவியபோது அவர் சொன்ன விடை எளிதில் தள்ளத்தக்கதன்று.

“சேர், ஏடு வாசிக்கிறதுக்கு, கார் ஓடுறதுக்கு. பழைய இயந்திரம் நல்லா மூச்சு விட்டா அதுக்கும் நல்லதுதானே?”

இதற்கு இலக்கணத்தால் விடை கூறல் தகாது. இயந்திரத்தாலேயே கூறல் வேண்டும். அவ்வியந்திரத்தில் உருளைகள் நான்கு. புகை வெளியேறும் வாயில்களோ மூன்றே. நடுவிலுள்ள இரண்டு உருளைகளும் ஒரே வாயிலைப் பகிர்கின்றன. மூச்சை எளிதாக்க விரும்பும் வல்லுநர், நடுக்கிளை நீண்ட தனிக் கிளைக்குழாய்களை அளந்து அமைப்பர். அது முறையான கலை. பின்னாலுள்ள குழலை மட்டும் அகலமாக்குவது அக்கலையன்று. குழல் அளவுக்கு மேல் அகன்றால் புகையின் வேகம் குறையும். முன்சென்ற புகை பின்வருவதை இழுத்துச் செல்லும் உதவியும் தளரும். தாழ்ந்த வேகத்தில் இழுவை குன்றும். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு வேண்டியது அந்த இழுவையன்றோ? அன்றியும், புகைவழி மாறினால் காபுரேட்டரின் கலவையும் மீண்டும் திருத்தப்பட வேண்டும். கலவையிற் பெற்றோல் குறைந்துபோயின் வால்வுகள் சூட்டால் கெடும். ஒரு சொல்லை மாற்றினால் எதுகையும் மோனையும் தளையும் குலைவது போன்றதே இது.

இனி ஒலியைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் நான்குருளை இயந்திரம் செக்கனுக்கு 100 முறை வெடிக்கின்றது. அவ்வெடியலைகள் சைலென்சரின் அறைகளில் விரிந்து, தெறித்து, ஒன்றையொன்று தணித்து வெளிவருகின்றன. குழலின் நீளமும் அறையின் கொள்ளளவும் மாறினால் எழும் ஒலியும் மாறும். நம் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார், தமிழ்ப் புலமையையும் விஞ்ஞானக் கல்வியையும் ஒருங்கே கொண்டு 1947இல் யாழ் நூலை வெளியிட்டார்கள். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவைக் கணக்கால் ஆராய்ந்த பெருமகனின் மண்ணில், குழலின் நீளத்துக்கும் ஒலிக்கும் உறவுண்டென்பதை விரித்துரைக்க வேண்டுமா?

மொரிஸ் மைனருக்கெனத் தனிக்குரல் ஒன்றுண்டு. வேகத்தைத் தணிக்குங்கால் குழலிலிருந்து எழும் ‘பர்ர்ர்’ என்ற ஒலியை உலகெங்குமுள்ள அவ்வண்டிப் பிரியர்கள் அறிவர். மாணவரின் உம்மாவும் அறிவார். முழக்கத்துடன் வண்டி முற்றத்தில் வந்து நின்ற அன்று, அவ்வம்மையார் கதவோரம் நின்று கூறியது இவ்வளவே:

“மகன், வாப்பாட கார் சந்தி திரும்பக்குள்ளேயே எனக்குத் தெரியும். இது ஆர்ர காரோ!”

மாணவர் மறுமொழி கூறவில்லை. பாடம் திரிந்துவிட்டது என்பதை எழுத்தறியும் பண்டிதனினும் காதறிந்த அவ்வம்மையார் நன்கு காட்டிவிட்டார்.

வேறொரு நியாயமும் உண்டு. நம் கரையோர ஊர்களில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். குறுக்கு வீதியின் இருபுறச் சுவர்களும் ஒலியை மாறி மாறி எறியும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் கைக்குழந்தையும் அச்சுவர்களுக்குப் பின்னாலே உளர். ஒருவர் மகிழ்ச்சிக்காக ஒரு வீதி உறக்கமிழத்தல் முறையாகுமா? ஒலியினும் கொடியது இணைப்பிற் கசியும் புகை. அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய வண்டிக்குள் அது ஆளைக் கொல்லும்.

அங்ஙனமாயின் மாற்றமே கூடாதோ எனின், கூடும். பனையோலையிலிருந்து காகிதத்துக்கு நூலை மாற்றியது குற்றமன்று. நூலை வாழ்வித்த செயல் அது. 2002இல் ஈயங் கலந்த பெற்றோல் இந்நாட்டில் நீங்கியபின், ஈயத்தை நம்பி அமைந்த பழைய இயந்திரங்களின் புகைவால்வு இருக்கைகளை வலிய உலோகத்தால் மாற்றுதல் தக்கதாயிற்று. அவ்வாறே உப்புக்காற்றுக்கு அஞ்சித் துருப்பிடிக்காத உருக்கில் குழல் செய்வதும் தகும். பொருள் மாறலாம், அளவும் வழியும் மாறலாகா. முன்னது பிரதியெடுத்தல், பின்னது இடைச்செருகல்.

மாணவர் அகன்ற குழலைக் கழற்றினார். பழைய குழலின் துண்டுகளை நிலத்தில் அடுக்கி அளவெடுத்து, அதே விட்டம், அதே வளைவு, அதே கொள்ளளவுடன் புதிய உருக்கில் செய்வித்தார். வார்ப்பிரும்பு மெனிபோல்ட் பழையதே, கேஸ்கட் புதியது. ஒலி முற்றிலும் பழையதன்று. புதிய உருக்கின் மெல்லிய கிணுகிணுப்பு அதில் உண்டு. ஆயினும் சந்தியிலேயே தெரிகின்றதாம்.

இத்தகைய பணியில் இறங்கும் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். கழற்றிய பழம்பாகத்தை அளவெடுக்குமுன் எறியாதீர். எதை, எந்த ஆண்டில், எதனால் மாற்றினீர் என்று ஒரு கொப்பியில் எழுதி வண்டிக்குள்ளேயே வையுங்கள். நல்ல பதிப்பாசிரியன் பாடபேதத்தை அடிக்குறிப்பிற் காட்டுவது அடுத்துப் பதிப்பிப்பவனுக்காக. நும் வண்டிக்கும் அடுத்த பதிப்பாசிரியன் ஒருவன் வருவான்.