நட்புக் கடிதம் வந்தது; கோட்டை போயிற்று!

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குக் கிழக்கே, கடலோரம் ஏரிக்கரையில் இருக்கிறது பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டத்து மீனவர் ஊர். இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த ஓர் இளவரசர் எழுதிய கடிதம் இந்த ஊரின் கதையையே மாற்றியது என்றால் நம்ப முடிகிறதா?

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். அதன் பெயர் கெல்டிரியா. இந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்த துணிகள் இங்கிருந்து கப்பலேறி, மிளகும் கிராம்பும் விளையும் தீவுகளுக்குப் போயின. மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றிப் போனார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

1780-ல் டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. மறு வருஷமே பழவேற்காட்டை ஆங்கிலேயர் பிடித்தார்கள். சமாதானம் ஆனதும் 1785-ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1788-ல் இரு நாடுகளும் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டன. பகைவர்கள் கூட்டாளி ஆனார்கள்!

படகில் தப்பினார்

1795 ஜனவரியில் ஹாலந்து பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. நாட்டின் தலைவரான இளவரசர் ஐந்தாம் வில்லியம், மீன்பிடிப் படகில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவரை லண்டன் அருகே கியூ என்ற இடத்தில் தங்க வைத்தார்.

பிப்ரவரி 7-ந் தேதி, அங்கிருந்தபடியே வில்லியம் கடல் கடந்த டச்சு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். ஆங்கிலேயர் நமது நண்பர்கள், கூட்டாளிகள். பிரெஞ்சுக்காரர் கையில் நம் இடங்கள் சிக்காமல் இருக்க அவர்கள் படையை உள்ளே விடுங்கள் என்பது கடிதத்தின் சாரம். அமைதி திரும்பியதும் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்பது ஏற்பாடு.

அதிகாரிகள் திகைத்தார்கள். தாய்நாட்டிலோ பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்த புதிய அரசு. ஓடிப்போன இளவரசர் பேச்சைக் கேட்பதா, புதிய அரசின் பேச்சைக் கேட்பதா? கொச்சியில் இருந்தவர்கள் கோட்டைக் கதவைத் திறக்க மறுத்தார்கள். முற்றுகைக்குப் பிறகு அக்டோபரில் பணிந்தார்கள். அந்த வருஷமே பழவேற்காடும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

வெறும் மேடு

பத்திரமாகக் காத்துத் தருவார்கள் என்ற கோட்டை என்ன ஆயிற்று? 1806-ல் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினார்கள்! அழகான நட்புதான்!

1818-ல் ஊர் டச்சுக்காரரிடம் திரும்ப வந்தது. கோட்டை இல்லை. ஏழே வருஷம்தான். 1824-ல் லண்டனில் எழுதிய ஒப்பந்தப்படி, இந்தியாவில் இருந்த தங்கள் இடங்களையெல்லாம் டச்சுக்காரர் விட்டுக் கொடுத்தார்கள். சுமத்ரா தீவில் ஆங்கிலேயர் வைத்திருந்த பென்கூலன் அவர்களுக்குக் கிடைத்தது. 1825-ல் பழவேற்காடு மறுபடியும் கைமாறியது. தறிக்காரரையும் மீனவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோட்டை நின்ற இடத்தில் இன்று இருப்பது புதர் மண்டிய மேடு. சற்றுத் தள்ளி டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு இன்றும் காவல் நிற்கின்றன.